கேட்பவரால் விளையும் அறிவு

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடத்துச் செம்மண்ணில் வளர்ந்தவர்களுக்கு முந்திரிப்பழம் தொண்டையைக் கரகரக்க வைக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புத் தொட்டுத் தின்கிறோம். கொட்டை சுடும்போது எண்ணெய் தெறித்தால் தோல் கொப்பளித்துவிடும் என்று பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துகிறோம். ஏன் அப்படி என்று கேட்டதில்லை. பழகிய பொருளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கைப்பேசியில் நாம் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, முகம் பார்த்திராத தூரத்து நண்பர்தான் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லப் புகும்போது, துவர்ப்புக்குக் காரணம் டானின் என்பது நமக்குத் தெரியவருகிறது. சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் மாவும் முந்திரியும் ஒரே குடும்பத்து மரங்கள் என்பதும், மாம்பால் பட்ட உதடு புண்ணாவதற்கும் முந்திரி எண்ணெய் தோலைச் சுடுவதற்கும் உறவுண்டு என்பதும் தெரியவருகின்றன. நம் மண்ணுக்கே உரியதென்று நம்பிய மரம், பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது என்றும் அறிகிறோம். நண்பருக்குச் சொல்ல உட்கார்ந்து, கற்றுக்கொண்டவர்கள் நாம்.

நம் பொருளின் அறிவு தூரத்தில் இருப்பவர் வழியே துலங்குவது இந்த வட்டாரத்தில் புதிதல்ல. 1840களில் கேயி, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாகிப்போன சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் சேகரித்தார்கள். இருவரும் சென்னை மாகாண அரசின் அதிகாரிகள். நிலவியல் அவர்களுடைய தொழில் அல்ல, ஆர்வம். லண்டன் நிலவியல் கழகத்துக்குச் சென்ற அந்தக் கற்களை, இந்தியாவுக்கே வராத இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஐரோப்பியக் கற்களோடு ஒப்பிட்டு 1846இல் விரிவாக எழுதினார். முந்திரிக்காட்டுக்கு மேற்கே, டைனசோர் காலத்தில் கடல் இருந்தது என்ற அறிவு அந்தப் பரிமாற்றத்தின் வழியே துலங்கத் தொடங்கியது. பின்னாளில் அரியலூர் என்ற பெயரே ஒரு பாறைத் தொகுதியின் பெயராக உலக நிலவியல் நூல்களில் ஏறியது. ஆனால் அத்தகைய கற்களை ஏரோட்டும்போது வரப்போரம் எடுத்துப் போட்டுவந்த உழவரிடம் அந்த அறிவு திரும்பி வரவில்லை. கல் போனது, செய்தி வரவில்லை. பகிர்வு ஒருவழியானால் கொடுத்தவர் வெறும் கையோடு நிற்பார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று வழி இருபுறமும் திறந்திருக்கிறது. ஒருவர் நெசவின் ஊடையைக் காட்டுகிறார், மற்றொருவர் புளிக்கவைத்த மாவின் நுரையைக் காட்டுகிறார், இன்னொருவர் ஓடைக்கரையில் கண்ட சிப்பிக்கல்லைக் காட்டுகிறார். காட்டுவதில் பெருமிதம் இருக்கலாம். அதைக் குறையென்று நான் கருதவில்லை, ஏனெனில் ஒருவருக்குப் புரிய வைக்கும் பொறுப்பை ஏற்றவுடன் அந்தப் பெருமிதமே கவனமாக மாறுகிறது. கண்ணுக்குப் பழகிப்போனதால் மறைந்திருந்த பொருள், அதை அறியாத ஒருவரின் வியப்பில் பட்டுத் திரும்பி நம்மிடம் வரும்போது, நாம் அறிந்ததாக எண்ணியதன் எல்லையையும் அறியாததன் பரப்பையும் ஒருசேரக் காட்டுவதால், அறிவு என்பது தனியொருவர் உள்ளத்தில் சேமிக்கப்படும் உடைமையாக இல்லாமல், கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே உயிர்பெற்று இருவரையும் மாற்றும் உறவாகவே இருக்கிறது.

அந்த உறவுக்கு ஒரு நேர்மை வேண்டும். சமையலில் தப்பிப்போன பதத்தையும் சொல்ல வேண்டும். காட்டும் பொருளிடமும் அதே நேர்மை வேண்டும்: சிப்பிக்கல்லைப் பெயர்த்து அலமாரியில் வைத்துவிட்டால், அது எந்த அடுக்கில் எந்த உயிர்களின் நடுவே கிடந்தது என்ற வரலாறு அழிந்துபோகும். கிடந்த இடத்திலேயே விட்டுப் படமெடுத்து, ஓடையின் பெயரையும் தேதியையும் சேர்த்து அனுப்பினால், அதன் பொருளை அறிந்த ஒருவர் என்றேனும் அங்கே வந்து பார்க்க முடியும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டதை முதலில் அங்கே சொல்லலாம்.