பிறர் கதையை வளர்த்தல்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் மின்னூல் வாசிப்புக் கருவியோடு அமர்ந்திருக்கும் மாணவன், 1954இல் கல்கி முடித்த 'பொன்னியின் செல்வ'னுக்கு வாசகரொருவர் எழுதிய தொடர்ச்சியைப் படிக்கின்றான். தமிழ்நாட்டரசு 1999இல் கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கியபின் சட்டத்தின் தடையில்லை. அறத்தின் வினா எஞ்சுகின்றது. பிறர் படைத்த மாந்தரை வளர்த்தல் அன்பா, அத்துமீறலா?

கோணேசர் குன்றின் இராவணன் வெட்டும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் தன் தாயின்பொருட்டுச் செய்தவையென்பது இம்மண்ணின் கதை. வான்மீகியும் கம்பனும் சொல்லாத அதனைக் களவென்பார் எவருமிலர்; சொன்னோர் அதனைக் கம்பன் வாக்கென ஏமாற்றவில்லையன்றோ! விக்கிரமனும் 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி'யைத் தம் பெயரிலேயே எழுதினார். கதையை வளர்ப்பதிற் குற்றமில்லை. வளர்த்தவன் மறைவதிலேயே குற்றம் பிறக்கின்றது. கம்பன் காவியத்துட் பிற்காலத்தார் தம் பாடல்களைச் செருகினர். ஏடு பெயர்த்தெழுதியோன் கையில் இரண்டும் ஓரெழுத்தாயின. அவற்றை மிகைப்பாடல்களெனப் பிரிக்கப் பதிப்பாசிரியர் பட்ட பாடு கொஞ்சமன்று.

கருவியின் திரையிலும் மூலமும் தொடர்ச்சியும் ஓரெழுத்தே. ஆசிரியர் பெயருள்ள முதற்பக்கத்தைத் தாண்டி நூலைத் திறந்துவிடுவதும் அதற்குண்டு. இடையே வந்தியத்தேவன் பேசுகின்றான். அவன் எவருடைய வந்தியத்தேவன் என்றறிய, மாணவன் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டியிருக்கின்றது.