வாயில்லா ஜீவனின் ஹக்கு

அல்லாஹு தஆலா தன் திருமறையில் ஒரு சூராவுக்கு யானையின் பெயரையே சூட்டியிருக்கின்றான். நம் மக்தபுப் பிள்ளைகள் தொழுகைக்கென முதலில் மனனம் செய்யும் சிறு சூராக்களில் அதுவும் ஒன்று. கஃபாவை இடிக்க வந்த அப்ரஹாவின் பட்டாளம் அழிந்த வரலாறு யாவரும் அறிந்ததே. அப்பட்டாளத்தின் முன்னே நடந்த யானை, மக்காவின் பக்கம் ஓரடியும் எடுத்து வைக்காமல் மண்டியிட்டுவிட்டது. யமன் தேசத்துப் பக்கம் திருப்பினால் எழுந்து ஓடியது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். எஜமானன் அறியாததை அந்த மிருகம் அறிந்திருந்தது!

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஊத்தங்கரையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளியின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் ஸலாம் சொல்லி அருகில் அமர்ந்தார். நல்ல பிள்ளை, ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர்.

"ஹஜ்ரத், லீவு சேர்த்து வைத்திருக்கிறேன். தாய்லாந்தில் சியாங்மாய் பக்கம், அடிபட்ட யானைகளையும் வயதான யானைகளையும் வைத்துப் பராமரிக்கிறார்கள். இரண்டு வாரம் அங்கே போய்த் தொண்டு செய்யலாம் என்று இருக்கிறேன். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். இதில் நன்மை உண்டா?" என்று கேட்டார்.

ஏன் இல்லை? தாகத்தால் மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணுக்கு நரகம் என்று எச்சரித்ததும் அவர்களே. தாய்லாந்தில் 1989இல் காட்டில் மரம் வெட்டுவதைத் தடை செய்தபோது, மரம் இழுத்துப் பிழைத்த யானைகள் பிழைப்பற்றுப் போயின. பல யானைகள் உல்லாசப் பயணிகளைச் சுமக்கவும் வித்தை காட்டவும் தெருவுக்கு வந்தன. அவற்றுக்கு நிழல் தருவது தர்மம்தான்.

ஆனால் நிய்யத் சுத்தமாக இருக்க வேண்டும். யானையைக் குளிப்பாட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை முகஸ்துதியில் கொண்டு போய் விடும். இலங்கையில் உடவளவை என்ற இடத்தில் 1995 முதல் ஒரு காப்பகம் நடக்கிறது. தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்த்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் எட்ட நின்றுதான் பார்க்கலாம், தொட முடியாது. மனிதனைப் பற்றிய பயம் குட்டிக்கு இருந்தால்தான் அது காட்டில் பிழைக்கும். நமக்கு இந்த முறையே உசத்தியாகப் படுகிறது.

இவ்வளவோடு துஆ செய்து அனுப்பியிருப்போம். பேச்சுவாக்கில் அந்தத் தம்பி இன்னொன்று சொன்னார். தேன்கனிக்கோட்டை பக்கம் அவருடைய தாய்மாமாவுக்குக் கேழ்வரகுக் கொல்லை இருக்கிறதாம். பன்றித் தொல்லை தாளாமல், கிணற்று மோட்டாருக்கு வரும் கரண்டை எடுத்து இரவில் கம்பியில் விடுகிறாராம். "யானையும் வருமே?" என்றோம். "வரும் ஹஜ்ரத்" என்றார். "மாமாவிடம் சொன்னாயா?" என்றோம். அவர் தலையைக் குனிந்து கொண்டார். மாமா கோபக்காரராம், பெண் கொடுக்கப் போகிறவராம்.

அன்பர்களே! கர்நாடகத்துக் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலத்தின் கடைசியில், கேழ்வரகு முற்றும் சமயம், யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருகின்றன. நேற்று வந்த வழக்கமல்ல இது. 2023 மார்ச் மாதம், பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே, பயிருக்குப் போட்ட திருட்டு மின்கம்பியில் சிக்கி 3 பெண் யானைகள் மாண்டன. 2 குட்டிகள் மட்டும் தப்பி, தாயின் உடலையே சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதத்தில்தான், முதுமலையில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த ரகு என்ற குட்டியைப் பற்றிய படத்துக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. ரகு 2017இல் இதே ஓசூர்க் காட்டுப் பக்கத்தில் மீட்கப்பட்ட பிள்ளை. அதன் தாயும் கரண்டில் அடிபட்டுத்தான் செத்தது. உலகமே கைதட்டிய அந்த அனாதையை உண்டாக்கியது நம் பக்கத்துக் கம்பி. கைசேதம்!

விவசாயியின் கஷ்டம் நமக்குத் தெரியாமலில்லை. ஆறு மாத உழைப்பு ஓரிரவில் போய்விடும். யானை மிதித்து மனிதர் மவுத்தானதும் இப்பகுதியில் உண்டு. ஒருவர் நட்ட பயிரை மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் அது அவருக்கு ஸதகா என்று ஹதீஸில் வந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்வது சுலபம். கடன்காரனுக்குப் பதில் சொல்பவர் அவரல்லவா! பயிரைக் காக்க அவருக்கு ஹக்கு உண்டு. கொல்லும் கம்பிக்கு ஷரீஅத்திலும் இடமில்லை, சர்க்கார் சட்டத்திலும் இடமில்லை. இருட்டில் அது யானையா, பன்றியா, பக்கத்துக் கொல்லைக்காரரின் மகனா என்று பார்க்காது.

வேறு வழி இருக்கிறது. சூரிய ஒளி மின்வேலியில், ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம் மட்டுமே மின்சாரம் துடிக்கும். சுளீரென்று அடித்து விலக்கும், உயிரை வாங்காது. மோட்டார் கரண்டோ தொட்டதை விடாமல் பிடித்துக்கொள்ளும். மின்வேலிகளைப் பதிவு செய்ய 2023இல் தமிழக அரசு விதிகளும் கொண்டு வந்திருக்கிறது. பயிர் அழிந்தால் வனத்துறையில் நஷ்டஈட்டுக்கு மனுச் செய்யலாம். பணம் தாமதமாக வருகிறது என்ற குறை எங்கும் கேட்கிறது. அது நியாயமான குறைதான்.

ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் ஒட்டகம் ஒன்று நாயகத்தைக் கண்டு கண்ணீர் விட்டது. அவர்கள் அதன் தலையைத் தடவி அமைதிப்படுத்திவிட்டு, உடனே அதன் சொந்தக்காரர் யாரென்று விசாரித்து, அவரிடமே எடுத்துச் சொன்னார்கள். தடவிக் கொடுத்ததோடு அவர்கள் போய்விடவில்லை.

இதைச் சொன்னபோது தம்பி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சூரிய வேலிக்கு எவ்வளவு ஆகும் ஹஜ்ரத்? டிக்கெட்டுக்கு வைத்திருக்கும் பணம் இருக்கிறது. ஆனால் மாமா என் பேச்சைக் கேட்க மாட்டாரே" என்றார்.

விலையை ஓசூர்க் கடையில் விசாரிக்கச் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுததும் கிருஷ்ணகிரி போய், ராயக்கோட்டை வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கு பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. மாமாவிடம் பேச நாமும் உடன் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.