ஒரு விளைவும் பல காரணங்களும்

சீறிப் பாயும் சிவகாசி ராக்கெட் வாணம் ஏன் மண்ணுக்கே திரும்புகிறது? 'ஈர்ப்பு' என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆயினும், ஈர்ப்பு யாது என்னும் வினாவுக்கு அறிஞர் உலகம் ஒரே குரலில் விடை தந்ததில்லை. 1687இல் அதன் கணக்கைத் தந்த நியூட்டன், அதன் காரணத்தை அறுதியிட்டுக் கூற மறுத்தார். 1912க்கும் 1915க்கும் இடையில் ஆபிரகாம், நோர்ட்ஸ்ட்ரோம், ஐன்ஸ்டைன் ஆகிய மூவர் வெவ்வேறு கொள்கைகளோடு களத்தில் நின்றனர்.

இப்போட்டியின் ஒரு பகுதி நம் கொடைக்கானல் மலையில் நிகழ்ந்தது. கதிரவனின் ஈர்ப்பை மீறி வெளிவரும் ஒளியின் நிறமாலைக் கோடுகள், பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு சிவப்புப் பக்கம் நகர வேண்டும் என்றது ஐன்ஸ்டைனின் கொள்கை. அங்கு 1911 முதல் 1923 வரை வானாய்வுக் கூட இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட், அந்நுண்ணிய நகர்வை ஆண்டுக்கணக்கில் அளந்தார். கோடுகள் நகர்ந்திருந்தன, கணக்குப்படி அன்று. கதிரவனின் நடுவில் ஓர் அளவு, விளிம்பில் வேறோர் அளவு.

1919 சூரிய கிரகணத்துக்குப்பின் உலகமே ஐன்ஸ்டைனைக் கொண்டாடியது. எவர்ஷெட் அவசரப்படவில்லை. வாயுக்களின் ஓட்டமா, அழுத்தமா, ஈர்ப்பா என ஒவ்வொன்றாக எடைபோட்டார். வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் கதிரவ ஒளியையும் சோதித்தார். 1920களின் தொடக்கத்திலேயே ஈர்ப்பின் பங்கை ஏற்றார். கதிரவனில் மேலெழும் வெப்ப வாயு உண்டாக்கும் நகர்வும் ஈர்ப்பின் நகர்வோடு கலந்திருந்தது பின்னர் தெளிவாயிற்று. மேலும், நோர்ட்ஸ்ட்ரோமின் கொள்கையும் இதே சிவப்பு நகர்வை முன்னுரைத்தது. ஆகவே இச்சான்று மட்டும் தீர்ப்புக்குப் போதாது. புதன் கோளின் பாதையும், கிரகணத்தில் வளைந்த விண்மீன் ஒளியுமே அக்கொள்கையை வீழ்த்தின.

ஒளிக்கோட்டுக்கே இத்தனை நிதானம் வேண்டுமெனில், மனிதரைப் பற்றிய தீர்ப்புக்கு எவ்வளவு வேண்டும்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் வட்டாரம் மறக்காது. வெடிவிபத்து எங்கு நேரினும், புகை அடங்குமுன்னே 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்னும் சொல் பிறந்துவிடுகிறது. இறந்தவர் மறுமொழி கூற இயலாது. உராய்வு, வெயில், அளவை மீறிய மருந்து, ஓர் அறையில் கூடுதலான ஆட்கள், அதைக் கண்டும் காணாதிருந்த மேற்பார்வை எனப் பல காரணங்கள் கலந்திருக்கக்கூடும். எளிய காரணம் ஒன்றைச் சொன்னதும் மற்றவை ஆராயப்படாமலே தப்பிவிடுகின்றன. இறந்தவரின் குடும்பமோ இழப்போடு பழியையும் சுமக்கிறது.

அப்படியாயின், தீர்ப்பைத் தள்ளிவைத்துக்கொண்டே போகலாமா? ஆகாது. எவர்ஷெட் காத்திருந்தார், ஆனால் அளப்பதை நிறுத்தவில்லை. மறதிக்காகக் காத்திருப்பது வேறு, உண்மைக்காகக் காத்திருப்பது வேறு. முன்னது குற்றவாளியைக் காக்கும். பின்னது குற்றமற்றவரைக் காக்கும். 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்பவருக்கு, தேடி அறியும் கடமையும் உண்டு.