கோழி கொன்ற நாய்

பரவையில் என் வீட்டுக் கொல்லைக்கும் அடுத்த வீட்டு ஆத்தாவின் கொல்லைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான் இருந்தது. நாலைந்து வருஷங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் என் நாய் அந்த வேலியைத் தாண்டியது. ஆத்தா அப்போதுதான் கோழிக்கூண்டைத் திறந்துவிட்டு வாசல் தெளிக்கப் போயிருந்தாள். அவள் வாளியை வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஏழு கோழிகள் செத்துக் கிடந்தன.

கூச்சல் கேட்டு நான் ஓடினேன். நாய் வாலை ஆட்டிக்கொண்டு என் எதிரே வந்து நின்றது. வாயோரத்தில் இரண்டு இறகுகள். அதன் முகத்தில் குற்ற உணர்ச்சியின் சாயல் கூட இல்லை. கொடுத்த வேலையைச் செவ்வனே முடித்த குமாஸ்தாவைப் போல நின்றது என்று சொன்னால், இது கதை எழுதுகிறவனின் கற்பனை என்று நீங்கள் தள்ளிவிடலாம். ஆனால் அதை அடிக்க ஓங்கிய என் கை அந்த முகத்தைப் பார்த்துத்தான் தயங்கியது.

ஆத்தா திட்டவில்லை. ஒவ்வொரு கோழியாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏந் தம்பி, பசிச்சுத் தின்னுருந்தாக்கூட மனசு ஆறிப் போயிரும். ஒண்ணைக்கூடத் திங்கலையே! பிறகு எதுக்குக் கொன்னுச்சு?”

ஏழு கோழிக்கும் விலை தந்துவிடுகிறேன் என்றேன். ஆறுக்கு வாங்கிக்கொண்டாள். ஏழாவது அடைக்கோழி. பதினொரு முட்டையின் மேல் பதினைந்து நாளாக உட்கார்ந்திருந்து, அன்று இரை எடுக்க எழுந்து வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டது. “அதுக்கு என்னன்னு தம்பி விலை சொல்ல?” என்றாள்.

தெரு கூடிவிட்டது. வைகைக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடு என்றார் ஒருவர். செத்த கோழியை நாயின் கழுத்திலேயே கட்டி, அழுகி விழும் வரை விட்டுவைத்தால் புத்தி வரும் என்றார் இன்னொருவர். ரத்த ருசி கண்ட நாய் திருந்தாது என்றது மூன்றாவது அபிப்பிராயம். ருசியே பார்க்கவில்லை என்பதுதானே ஆத்தாவின் வழக்கு!

அவள் கேள்விக்கு விடை தேடி நான் கொஞ்சம் படித்தேன். வேட்டை என்பது நாம் நினைப்பதுபோல ஒரே காரியம் அல்லவாம். அது ஒரு சங்கிலி. உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது என்று கண்ணி கண்ணியாகப் போகிறது. ஓநாயிடம் எல்லாக் கண்ணிகளும் முழுசாக இருக்கின்றன. மனிதன் தலைமுறை தலைமுறையாக நாய்களை வளர்த்தபோது தனக்கு வேண்டிய கண்ணியைப் பருக்க வைத்தான். வேண்டாததை மெலிய வைத்தான். அமெரிக்காவில் நாய்களை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர் இதை அழகாக விளக்கியிருக்கிறார். ஆடு மேய்க்கும் பார்டர் காலி ஜாதி உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கடிப்பதில்லை. சுட்ட பறவையை எடுத்துவரும் ரெட்ரீவர் ஜாதி மெல்லக் கவ்வும், கொல்வதில்லை. என் நாயோ சிப்பிப்பாறை. முயலைக் கண்டு, ஓடிப் பிடித்துக் கொல்வதற்காகவே நம் தெற்கத்திக் கரிசலில் உருவான ஜாதி. மூக்கைவிடக் கண்ணை நம்புவது. சிறிதாக ஏதாவது படபடத்து ஓடினால் அதற்குப் பிறகு அதன் காதில் எதுவும் விழாது.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனி வேகம் உண்டு என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். பசி கடைசிக் கண்ணிக்கு மட்டுமே சொந்தம். காட்டில் ஓர் இரையைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும். கொலை அதோடு நிற்கும். அடைத்த கொல்லையில் மற்றவை எங்கே ஓடும்? கண் எதிரே இன்னொன்று படபடக்கிறது. சங்கிலி மறுபடி முதலிலிருந்து இழுபடுகிறது. நரிகள் கடற்பறவைகளின் கூட்டத்துக்குள் புகுந்து தின்னாமலே கொன்று குவிப்பதைப் பற்றி ஹான்ஸ் குரூக் என்ற ஆராய்ச்சியாளர் 1972-இல் எழுதியிருக்கிறார். கொடுமையும் இல்லை, பசியும் இல்லை. ஆத்தாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப என் கோழி ஓடினதுதான் தப்புங்கிறியா?” என்றாள்.

அவள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. செவலை நிறத்து நாட்டு நாய். கண் திறந்த சில நாளிலேயே வந்து, குஞ்சுகளோடு குஞ்சாக வளர்ந்தது. கோழி அதன் முதுகில் ஏறி நிற்கும். அது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும். கீரியைக் கண்டால் குரைக்கும். (இரண்டொரு முட்டை காணாமற்போவது பற்றி மட்டும் அதனிடம் விசாரிக்கக் கூடாது.) மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை ஒரு குட்டி யாரோடு வாழ்கிறதோ அவர்களைத் தன் குடும்பம் என்று ஏற்றுக்கொள்கிறது என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் என்ற ஊரில் ஒரு கோழிப் பண்ணைக்காரர் மரெம்மா என்ற இத்தாலியக் காவல் ஜாதி நாய்களை வைத்து நரியிடமிருந்து கோழிகளைக் காத்துவந்தார். பக்கத்துத் தீவில் நூற்றுக்கணக்காக இருந்த சின்னப் பென்குயின்களை நரிகள் கொன்று, பத்துக்கும் கீழே குறைத்துவிட்டபோது, 2006-இல் அந்த ஜாதி நாய்களைத்தான் காவலுக்கு அனுப்பினார்கள். பென்குயின்கள் மறுபடி பெருகின. அந்தக் கதை 2015-இல் சினிமாவாகவும் வந்தது. ஆனால் இந்த உத்தம ஜாதியிலும் இளவட்டங்கள் விளையாட்டாகத் துரத்திக் கோழியைக் கொன்றுவிடுவது உண்டு. வளர்க்கிறவன் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

ஆகக் குற்றவாளி யார்? 1386-இல் பிரான்ஸில் ஃபலேஸ் என்ற ஊரில் ஒரு குழந்தையைக் கடித்துக் கொன்ற பன்றியை முறைப்படி விசாரித்துத் தூக்கில் போட்டார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் நாயின் கழுத்தில் கோழியைக் கட்டச் சொன்னவரும் அந்த நீதிமன்றத்தைச் சேர்ந்தவர்தான். நம் ஊர்க் கதை வேறு மாதிரி. மனுநீதிச் சோழனின் வாசலில் பசு மணியடித்தபோது, கன்றின் மேல் ஏறியது தேர்; இழுத்தவை குதிரைகள். குதிரையைத் தண்டிப்போம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அரசன் தன் வீட்டுக்குள்ளேதான் குற்றத்தைத் தேடினான். அவன் விதித்த தண்டனை எனக்கு எப்போதும் அதிகமாகத்தான் படுகிறது. தேடிய இடம் மட்டும் சரியாகப் படுகிறது.

நான் அந்த நாயை ஏன் வாங்கினேன்? 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டார்கள். அதிலிருந்து நம் நாட்டு ஜாதிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குள் ஒரு பெருமை. அதற்கு மேல், வில் மாதிரி வளைந்த அந்த உடலின் அழகு. அது எந்த வேலைக்காகப் பிறந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் முயல் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டன. நல்ல சட்டம்தான். வேலை போய்விட்டது, வேலைக்காக ரத்தத்தில் ஏற்றிய ஆசை போகவில்லை. அந்த ஆசையைக் கொண்டுவந்து ஒரு கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு, கட்டுத்தறியைக்கூடச் சரிபார்க்காமல் தூங்கினவன் நான். முயலைப் பிடித்திருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆத்தாவின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. பசிக்குக் கொன்றால் மனசு ஆறும் என்றாள். அந்தக் கோழிகளில் நாலைந்தாவது தை மாதத்துக்குள் யார் வீட்டுக் குழம்பிலாவது கொதித்திருக்கும். ஒருவேளை என் வீட்டில். அது கணக்கில் வரும் சாவு. நாய் வாய் வைத்ததை யாரும் தின்னவில்லை. தென்னை மரத்தடியில் புதைத்தோம். கோழிக்கு இரண்டும் ஒன்றுதானே என்று வாதாடத் தோன்றியது. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆத்தாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முட்டைகளை அன்றைக்கே வேறொரு வீட்டு அடைக்கோழியின் அடியில் வைத்தார்கள். எட்டுப் பொரித்தன. நாய் என்னிடம்தான் இருக்கிறது. வேலிக்குப் பதில் சுவர் எழுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரை வரை நடக்கிறோம். ஆத்தா வீட்டைத் தாண்டும்போது அதன் காது நிமிரும், கயிறு விறைக்கும். அவள் குஞ்சுகளைக் கூப்பிட்டுப் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டுச் சொல்வாள்:

“மூடிட்டேன் தம்பி. கூட்டிட்டுப் போ.”