எண்ணும் சொல்லும்: தைரொயிட்டு நோயாளர் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நோயுற்றவர் தம் உடல்நிலை குறித்துக் கூறும் சொல்லும், அவரது குருதியைப் பரிசோதித்துப் பெறப்படும் எண்ணும் ஒன்றுக்கொன்று முரண்படுமாயின், அவற்றுள் எதனை உண்மையெனக் கொள்வது? இது மருத்துவத்துக்கு மட்டுமே உரிய வினாவென முதற்பார்வையில் தோன்றலாம். ஆயினும், பிறரது அனுபவத்தை அறிதல் கூடுமா, அறிய இயலாதவிடத்து அவருக்கு ஆற்றவேண்டிய கடமை யாது என்னும் மெய்யியல் வினாக்கள் இதனுள் அடங்கிக் கிடக்கின்றன. தைரொயிட்டுச் சுரப்பி குறைவாகச் சுரக்கும் நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை பெற்றும் அயர்ச்சி நீங்காதோரின் நிலை இவ்வினாக்களைத் தெளிவுற எழுப்புகின்றது.

கழுத்தின் முன்புறத்தே அமைந்த இச்சுரப்பி தைரொக்சின் முதலிய ஓமோன்களைச் சுரந்து உடலின் அனுசேபத்தை ஒழுங்குபடுத்துகின்றது. சுரப்புக் குறையுமிடத்து அயர்ச்சி, குளிர் தாங்காமை, எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறட்சி, மறதி, மனச்சோர்வு முதலியன தோன்றும். அயடின் போதியளவு கிடைக்கும் நாடுகளில் இதற்குத் தலையாய காரணம், உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் சுரப்பியையே தாக்குவதாகும். 1912இல் இதனை விவரித்த ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோற்றோவின் பெயரால் அந்நோய் வழங்கப்படுகின்றது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களையே இது பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. குறைந்த ஓமோனை நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையால் ஈடுசெய்வதே சிகிச்சை. பெரும்பாலானோர் இதனால் நலமடைகின்றனர். ஆயின், பரிசோதனை முடிவு சீரடைந்த பின்னரும் 100 பேருக்கு 5 முதல் 10 பேர் வரை தம் குறைகள் தீரவில்லையெனக் கூறுவதாகக் கணிக்கப்படுகின்றது. இச்சிறு தொகையினரின் முறைப்பாடே இங்கு நோக்கப்படுகின்றது.

சிகிச்சையின் வரலாறு ஓர் உண்மையைப் புலப்படுத்தும். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்னும் வைத்தியர், செம்மறியாட்டின் தைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து பெற்ற சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசிமூலம் செலுத்தினார். அப்பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் இறந்தார். எட்வேட் கெண்டல் தைரொக்சினைப் பிரித்தெடுத்தது 1914இல். அது செயற்கையாக ஆக்கப்பட்டது 1927இல். இக்காலத்திலெல்லாம் நோயாளியின் முகமும் நாடியும் சொல்லுமே மருந்தின் அளவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகித்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் கபச்சுரப்பி சுரக்கும் ரீ.எஸ்.எச். என்னும் ஓமோனைக் குருதியில் நுணுக்கமாக அளக்கும் முறை வழக்கிற்கு வந்தது. தைரொக்சின் குறையும்போது ரீ.எஸ்.எச். ஏறும், மிகும்போது அது இறங்கும். எனவே நோயாளி வாய் திறவாதபோதும் அவரது குருதி பேசத் தொடங்கிற்று.

இவ்வெண்ணின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. அயர்ச்சி தீரவில்லை என்பதற்காக மருந்தைக் கூட்டிக்கொண்டே சென்றால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடவும், என்பு நலிவடையவும் கூடும். எண் வைத்தியரையும் நோயாளியையும் இத்தவறிலிருந்து காக்கின்றது. முறையிடத் தெரியாதவர், முறையிடத் தயங்குபவர் ஆகியோரின் நோயையும் அது காட்டிக்கொடுக்கின்றது. ஆகவே எண்ணைப் புறந்தள்ளிச் சொல்லை மட்டும் போற்றுவது அறமாகாது. அது நோயாளிக்கே தீங்காய் முடியும்.

ஆயினும், எண் எவ்வினாவுக்கு விடையளிக்கின்றது என்பது நோக்கற்பாலது. ரீ.எஸ்.எச்.சின் இயல்பான எல்லை லீற்றருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை எனப்படும். நலமுள்ள பலரை அளந்து, இரு ஓரங்களிலும் உள்ள சிறு விழுக்காட்டினரை நீக்கி வகுக்கப்பட்ட எல்லை அது. 2002இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வொன்று, நலமுள்ள 16 ஆண்களின் குருதியை ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் அளந்தது. ஒருவருக்குள் நிகழும் ஏற்றத்தாழ்வு, கூட்டத்தினுள் காணப்படும் ஏற்றத்தாழ்விலும் மிகக் குறுகியதென அது காட்டிற்று. அஃதாவது, கூட்டத்துக்கு இயல்பானது அதனுள் ஒருவருக்கு இயல்பானதாக இருக்கவேண்டும் என்ற நியதியில்லை. பிரெஞ்சு மெய்யியலாளர் ஜோர்ஜ் கங்கிலெம் 1943இல் எழுதிய மருத்துவ ஆய்வேட்டில் இயல்பு என்பதைச் சராசரியோடு ஒன்றாக்குவதை மறுத்தார். மனிதர் தாம் நோயுற்றதாக உணர்ந்தமையாலேயே மருத்துவம் என்னும் துறை பிறந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாறாயின், தன்னைப் பிறப்பித்த உணர்வையே பொய்யெனக் கூறும் உரிமை மருத்துவத்துக்கு இல்லை.

பாடசாலை ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மாத்திரையைத் தவறாது உட்கொள்கிறார். எண்ணும் எல்லைக்குள் நிற்கிறது. எனினும் பிற்பகல் வகுப்பில் அவரால் நிற்க முடிவதில்லை. நன்கறிந்த மாணவரின் பெயரும் நினைவுக்கு வருவதில்லை. சிகிச்சை நிலையத்தில் அவருக்குக் கிடைப்பது, “எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது” என்னும் ஒரு வாக்கியமே. ஓமோன் சரியாக உள்ளது என்பதே அவ்வாக்கியம் கூறக்கூடியது. “உமக்கு ஒன்றுமில்லை” என்பதோ அதிலிருந்து பெறப்படாத முடிபு. அளவையியலில் இது வெளிப்படையான வழு. 2007இல் மிராண்டா பிறிக்கர் எழுதிய நூல், ஒருவரது சமூக நிலை பற்றிய முற்சாய்வினால் அவரது சொல்லுக்கு உரிய நம்பிக்கை மறுக்கப்படுதலை ஒருவகை அநீதி என விளக்குகின்றது. இந்நோய் பெண்களையே மிகுதியும் பற்றுவதாலும், பெண்ணின் அயர்ச்சியை வீட்டுச் சுமையென்றோ மனக்குழப்பமென்றோ தட்டிக்கழிக்கும் பழக்கம் ஊறிப்போயிருப்பதாலும், ஆசிரியையின் சொல் அவர் வாயிலிருந்து வெளிவருமுன்னரே பாதி மதிப்பை இழந்துவிடுகின்றது.

இனி, மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். “நான் அயர்ந்திருக்கிறேன்” என்னும் கூற்றில் நோயாளி பிழைபடுதல் அரிது. ஆனால், “என் அயர்ச்சிக்குக் காரணம் தைரொயிட்டே” என்பது வேறுவகைக் கூற்று. முன்னது உணர்வு பற்றியது. பின்னது காரணம் பற்றியது. உணர்வில் அவருக்குள்ள அதிகாரம் காரணத்திற்குப் பரவுவதில்லை. இரும்புச்சத்துக் குறைவு, விற்றமின் பி-12 குறைவு, நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு நோய், மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் என அயர்ச்சிக்குக் காரணங்கள் பலவுள. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் ரீ.எஸ்.எச். சிறிதளவே உயர்ந்திருந்தோருக்குத் தைரொக்சின் கொடுத்து நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வில், அவர்களது அயர்ச்சி வெற்று மாத்திரை உட்கொண்டோரின் அயர்ச்சியிலும் குறைந்ததாகக் காணப்படவில்லை. ரீ-4 எனப்படும் தைரொக்சினின் ஒரு பகுதிக்குப் பதிலாக ரீ-3 என்னும் ஓமோனைச் சேர்த்துக் கொடுத்தால் மனநிலை மேம்படுகிறது என 1999இல் ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை சராசரியில் அத்தகைய மேம்பாட்டைக் காட்டவில்லை. ஆதலின், நோயாளியின் சொல்லை நம்புதல் வேறு; அவர் கேட்கும் மருந்தைக் கொடுத்துவிடுதல் வேறு. நம்புதல் என்பது தேடலைத் தொடர்வதற்கான கடப்பாடு.

இத்தேடலில் இருவருக்கும் பங்குண்டு. மாத்திரையை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக நீருடன் உட்கொள்ளவேண்டும். இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கும் அதற்குமிடையே 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவு மாற்றப்பட்டால் 6 முதல் 8 கிழமைகள் வரை பொறுத்தே மீண்டும் பரிசோதித்தல் வேண்டும். தைரொக்சின் குருதியில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு கிழமை செல்லும். உறக்கம், அயர்ச்சி, மாத்திரை உட்கொண்ட நேரம் ஆகியவற்றை நோயாளி நாள்தோறும் குறித்து வருவாராயின், அவரது சொல்லும் ஒரு சான்றாக வலுப்பெறும். அக்குறிப்பைப் படித்து, பிற காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்தல் வைத்தியரின் பங்கு. சில நிமிடங்களில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்பவேண்டிய கூட்டநெரிசலில் இது எளிதன்று என்பது உண்மையே. எனினும், நேரமின்மை கேட்காமைக்குக் காரணமாகலாம். கேளாததை இல்லையெனத் தீர்ப்பளிப்பதற்கு அது நியாயமாகாது.

எல்லாம் தேடியும் காரணம் அகப்படாத நோயாளரும் உளர். அறத்தின் கடுமையான சோதனை அவ்விடத்திலேயே நிகழ்கின்றது. குணப்படுத்த இயலாதபோது, குணப்படுத்தவேண்டியது எதுவுமில்லை என்று கூறிவிடுவது வைத்தியருக்கு எளிது. மருந்தின் அளவைத் தானே கூட்டிக்கொள்வதும், உறுதியளிக்கும் எவரையும் நாடி ஓடுவதும் நோயாளிக்கு எளிது. இவ்விரண்டும் அறியாமையைப் பொறுக்கமாட்டாமையின் விளைவுகளே. “காரணம் தெரியவில்லை, ஆயினும் நீங்கள் கூறுவதை நம்புகிறேன், அடுத்த முறையும் வாருங்கள்” என்று கூறும் வைத்தியர் எண்ணுக்கும் துரோகம் செய்யவில்லை, சொல்லுக்கும் துரோகம் செய்யவில்லை. பிற்பகல் வேலையை முற்பகலுக்கு மாற்றியும், இயன்றவளவு நடந்தும், உதவியை நாணாது கேட்டும் தம் வாழ்வை ஒழுங்குசெய்துகொள்ளும் ஆசிரியை தோல்வியுற்றவர் அல்லர். மாறிய நிலைமைக்கேற்பப் புதிய ஒழுங்கை ஆக்கிக்கொள்ளும் ஆற்றலையே கங்கிலெம் நலமெனக் கொண்டார்.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுபவன். அவற்றுள் முதலில் எண்ணப்படுபவர் நோயாளியே. நோயாளி மருத்துவத்தின் ஒரு கூறாகக் கொள்ளப்படின், அவர் அளக்கப்படும் பொருளாக மட்டும் இருத்தல் இயலாது. அத்தொழிலில் பங்குகொள்பவராகவும் ஆகிறார். உடனிருந்து உதவுபவரும் அங்கு எண்ணப்படுதல் கருதத்தக்கது. ஆசிரியையின் கணவரும், பிள்ளைகளும், உடன் கற்பிப்போரும் அவர் சொல்லை நம்புவாராயின், மருந்தால் தீராத சுமையின் ஒரு பகுதி அங்கேயே இறங்கும். உடலின் ஓமோன் நிலையை எண் அறிவிக்கும். அவ்வுடலோடு வாழ்பவரின் நிலையை அவர் சொல்லே அறிவிக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே கேட்டறிவதே வைத்தியருக்கும் சுற்றத்தாருக்கும் உரிய கடமை எனலாம்.