விலைமதிப்பற்றது என்னும் சொல்

பெற்றோர் மறைந்து முப்பதாம் நாள் திருப்பலி முடிந்தபின், உடன்பிறந்தோர் கூடி அமர்ந்து பங்கு பேசும் வேளை எல்லாக் குடும்பங்களிலும் வருகிறது. அவிநாசியில் நான் அறிந்த ஒரு வீட்டிலும் வந்தது. தாயின் பெயரிலிருந்த மனையும் பனியன் கம்பெனிப் பங்கும் ஆண்மக்களுக்கென்று முன்னமே பேசி முடிக்கப்பட்டிருந்தன. எஞ்சியது, பரணில் மடித்து வைக்கப்பட்டிருந்த பழைய பவானி ஜமக்காளம். மூத்தவர் அதைத் தங்கையின் கையில் கொடுத்து, "அம்மிணி, இது அம்மாவோடது. இதுக்கு விலையே இல்ல. நீயே வெச்சுக்க" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பன்று என்றே நம்புகிறேன். மறுவாரம் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டார்.

அன்றுமுதல் ஒரு வினா என்னை விடவில்லை. ஒரு பொருளை விலைமதிப்பற்றது என்று சொல்லும்போது நாம் அதை உயர்த்துகிறோமா, அல்லது கணக்கிலிருந்து நழுவிக்கொள்கிறோமா?

ஜமக்காளத்துக்கு விலை உண்டு. அதை அறிவதும் அரிதன்று. தடித்த பருத்தி ஊடை நூல் பாவை முழுவதும் மூடியிருக்க, வண்ணப் பட்டைகள் இருபுறமும் ஒன்றுபோல் தெரியும். கைத்தறியாயின் ஓரங்களில் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். பவானி ஜமக்காளம் 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. ஆயினும் விசைத்தறிப் போலிகள் சந்தைக்கு வந்தவண்ணமே உள்ளன. அசலுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் கிடைப்பது அரிது. நெய்தவர் கதியும் இதுவே. அவர் கலையை மேடையில் விலைமதிப்பற்றது என்போம். கூலி என்று வந்தால் பேரம் பேசுவோம்.

கம்பளங்களின் வரலாற்றில் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பாரசீகத்தின் அர்தபீல் திருத்தலத்தோடு தொடர்புடைய இரண்டு பெருங்கம்பளங்கள் 1539-40-ஐ ஒட்டி இணையாக நெய்யப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவை வணிகர் கைக்கு வந்தபோது இரண்டும் சிதைந்திருந்தன. ஒன்றை வெட்டி மற்றொன்றை ஒட்டுப்போட்டு முழுமையாக்கினர். முழுமையான கம்பளத்தை 1893-இல் இலண்டன் அருங்காட்சியகம் 2,000 பவுனுக்கு வாங்கியது. அதைக் காண்போர் இன்றும் வியந்து நிற்கின்றனர். கரையை இழந்து சிறுத்துப்போன இணைக் கம்பளம் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கிறது. ஒரே தறிக்குப் பிறந்த இரண்டில் ஒன்றின் நிறைவு மற்றதன் குறைவால் ஆனது. நம் வீடுகளில் இப்படி எத்தனை!

கூட்டத்திலிருந்த ஒருவன் இயேசுவிடம், சொத்தைத் தன்னோடு பங்கிடுமாறு தன் சகோதரனுக்குச் சொல்லும்படி கேட்டதை லூக்கா எழுதுகிறார். இயேசு நடுவராக மறுத்து, பேராசையைக் குறித்து எச்சரித்தார். இப்பகுதியை விளக்கும்போது பெரும்பாலும் கேட்டவனையே கடிந்துகொள்கிறோம். கொடாமல் வைத்திருந்த சகோதரனை மறந்துவிடுகிறோம். அந்த எச்சரிக்கையோ அங்கிருந்த எல்லாரையும் நோக்கியே சொல்லப்பட்டது.

"அன்பிருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு?" என்பர் சிலர். அழகான கேள்விதான், ஆனால் இதைக் கேட்பவர் பெரும்பாலும் பெற்றுக்கொண்டவரே. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தாயின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு பங்கு என்கிறது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். மகள் அதை விட்டுக்கொடுக்கலாம். அது உயர்ந்த செயல். எனினும் எவ்வளவை விடுகிறோம் என்று அறிந்து விடுவதே கொடை. அறியாமல் விடுவதற்குப் பெயர் வேறு. விலையைக் கேட்பது அம்மாவின் நினைவை இழிவுபடுத்தும் என்று எந்த மகளையும் நாணச் செய்தல் முறையன்று.

அண்மையில் அத்தங்கையின் வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்தது. அதே ஜமக்காளத்தைத்தான் விரித்திருந்தார். மூத்தவரும் வந்து அதன்மேல் அமர்ந்து செபமாலை சொன்னார். கூட்டம் முடிந்து மடிக்கும்போது, ஓரத்தில் நூல் பிரிந்திருந்த இடத்தை வருடியபடி, "பவானியில குடுத்தாச் சரிபண்ணித் தருவாங்களா, அம்மிணி?" என்றார்.

"தருவாங்கண்ணா. எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் தங்கை.