நாகமும் நாகபூஷணியும்

தெய்வத்தை விலங்கோடு சார்த்தி வழிபடுதல் அறிவுடையார்க்குத் தகுமோ என்னும் வினா நம் மாணாக்கரை நோக்கி அடிக்கடி எழுகின்றது. அக்குறணையிலே இஸ்லாமிய அயலாரோடு கூடி வாழும் சைவப் பிள்ளைகள் நயினாதீவுக்கு யாத்திரை சென்று மீண்டால், “நீங்கள் பாம்பையா கும்பிடுகிறீர்கள்?” என்று தோழர் வினாவுகின்றனர். யான் மிஷன் கலாசாலையிற் பயின்ற நாட்களிலும் இவ்வினாவே எழுந்தது. ஆங்கு அது பழிப்பாக எழுந்தது. பிள்ளைகள் கேட்பதோ அறியும் விருப்பினால். ஆதலின் விடை கூறுதல் ஆசிரியர் கடனாம்.

முதற்கண் பெயரை நோக்குக. நாகபூஷணி என்பது நாகத்தை ஆபரணமாக உடையாள் எனப் பொருள்படும். ஆபரணம் அணிந்தவள் ஆகாதவாறு போல, நாகமும் அம்மை ஆகாது.

இனித் தல ஐதிகத்தை நோக்குக. புளியந்தீவிலிருந்து நாகமொன்று நாடோறும் மலரைக் கவ்விக் கடலை நீந்தி வந்து அம்மையைப் பூசித்தது. ஒருநாள் கருடன் அதனைக் கொல்ல எதிர்ப்பட, நாகம் கடலிலுள்ள பாறையொன்றைச் சுற்றிக்கொண்டது. அவ்வழிக் கப்பலில் வந்த வணிகன் ஒருவன் அதன் உயிருக்காகக் கருடனை இரந்தான். செல்வம் முழுவதையும் அம்மை கோயிலுக்கு ஈவாயாயின் விடுவேன் என்றது கருடன்; வணிகன் உடன்பட்டான் என்ப. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரண்டினை இன்றும் கடலிலே காட்டுவர். போர்த்துக்கேயர் இடித்தபின் 1788இல் மீளக் கட்டப்பட்ட அவ்வாலயத்துக்குக் குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்வோர் பிள்ளைப்பேறு வேண்டி நாகவுருச் சாத்துவர். பிறந்த மகவுக்கு நாகலிங்கம், நாகம்மா எனப் பெயரிடுவர்.

இவ்வைதிகத்தில் நாகம் வழிபடப்படுவது அன்று, வழிபடுவது. திருவானைக்காவிலே சிலந்தியும் யானையும் சிவனைப் பூசித்தவாறும் இதுவே. மக்களுயிரையும் விலங்குயிரையும் பசு என்னும் ஒரு சொல்லால் நம் சித்தாந்தம் வழங்குதலும் ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

அற்றேல், பாம்பு வழிபாட்டுக்கு மூலம் அச்சமன்றோ எனின், சிலவிடத்து ஆம். வங்காளத்து மனசாதேவியின் கதையிலே, அவளை வணங்க மறுத்த சாந்த் சௌதாகர் என்னும் வணிகன் மக்களையும் கப்பல்களையும் இழந்து, ஈற்றில் இடக்கையாற் பூவிட்டான். நயினாதீவு வணிகனோ யாரும் ஏவாமலே இரங்கினான். இரக்கத்துக்கு விலை கேட்கப்பட்டபோது அதனையுங் கொடுத்தான். ஆங்கு அச்சம் பூசையை வாங்கிற்று. ஈங்கு இரக்கம் பொருளைத் துறந்தது. அச்சம் நீங்கின் அச்சத்தாற் செய்த பூசையும் நீங்கும். இரக்கத்திற் பிறந்த பூசை நீங்காது.

நம்மவர் எவ்வணிகன் வழி நிற்கின்றனர்? தோஷத்துக்கு அஞ்சிக் கல் நாகத்துக்குப் பாலூற்றிய கை, வேலியோரத்துச் சாரையைத் தடிகொண்டு அடிக்குமாயின், அப்பால் யாருக்கு ஊற்றப்பட்டது? கன்னட நாட்டு வசவதேவர் இம்முரணை 12ஆம் நூற்றாண்டிலேயே இடித்துரைத்தனர். நஞ்சுடைய பாம்பைக் கண்டால் விலகுதலும், கடியுண்டாரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டேகுதலும் பத்திக்கு மாறல்ல. விலகிச் செல்வதைத் துரத்திக் கொல்வதே மாறாவது.

ஆசிரியர்காள்! வினாவும் தோழர்க்கு நம் பிள்ளைகள் சினவாது இங்ஙனம் விடை கூறப் பழக்குமின்: “நாங்கள் பாம்பைக் கும்பிடவில்லை, பாம்பும் கும்பிட்ட தாயைக் கும்பிடுகின்றோம்.” இவ்விடை மெய்யாவது, கூறும் பிள்ளையின் கை ஓருயிரையும் வருத்தாதபோதேயாம்.